குமரியில் களவு கூடியிருக்கிறதா, கூடினது மாதிரி தெரிகிறதா? கணக்கை எப்படிப் பார்ப்பது?

கோணம்_குடியிருப்பு கேட்டது:

வணக்கம். நாகர்கோவிலுக்கு வெளியே 400 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்போர் சங்கத்துக்காகக் கேட்கிறேன். வீட்டுக்கு 1,500 ரூபாய் வசூலித்துத் தெருமுனைகளில் கேமரா வைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வரப்போகிறது. ‘ரெண்டு வருஷத்தில் களவு ரெட்டியாகிவிட்டது’ என்பது ஒரு தரப்பு. வழக்குகள் குறைந்துதான் வருகின்றன என்பது காவல் துறை சொல்லும் கணக்கு. இரண்டும் சரியாக இருக்க முடியாது என்று தோன்றுகிறது.

செய்தித்தாளில் வரும் மாநிலக் கணக்கோ, வாட்ஸ்அப்பில் வரும் கேமரா காட்சியோ வேண்டாம். எங்கள் ஸ்டேஷன் எல்லைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய எந்த எண்ணைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், கிடைத்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையாற்றங்கரை எழுதியது:

இரண்டும் சரியாக இருக்க முடியும் சார். உங்கள் உறுப்பினர்கள் எண்ணுவது காதுக்கு வந்த களவை. ஸ்டேஷன் எண்ணுவது எப்.ஐ.ஆர். எழுதின களவை. நடந்த களவு இந்த ரெண்டிலும் முழுசாக அடங்காது. எங்கே நழுவுகிறது என்று தெரிந்தால்தான் ஸ்டேஷன் கணக்கைப் படிக்க முடியும்.

ரப்பர் ஷீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். குலசேகரம் பக்கம் ஒரு தோட்டத்தில், வெளியே கொடியில் காயப்போட்ட 25 கிலோ ஷீட் ராத்திரியோடு போய்விட்டது. கிலோ 190 என்று வைத்தால் மதிப்பு 4,750 ரூபாய். 2024 ஜூன் 30 வரை இது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379-ம் பிரிவு. மதிப்பு எவ்வளவானாலும் போலீஸ் உடனே வழக்குப் பதியலாம். ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 303(2). கூடவே வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் பாருங்கள்: 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு நான்-காக்னிசபிள். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் அதை விசாரிக்க முடியாது. அதே கொடியிலிருந்து 27 கிலோ போயிருந்தால் 5,130 ரூபாய், எப்.ஐ.ஆர். உண்டு. அதே 25 கிலோவைப் பூட்டின கொட்டகைக்குள் இருந்து எடுத்திருந்தால் பிரிவு 305; அங்கே மதிப்பு வரம்பே கிடையாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தொகுப்பது காக்னிசபிள், அதாவது போலீஸ் தானாகவே பதிந்து விசாரிக்கக்கூடிய வழக்குகளை மட்டும்தான். ஆகவே 2024-க்குப் பிறகு சில்லறைக் களவு இறங்கியிருப்பதாக ஒரு எண் வந்தால், அதில் கள்ளன் ஓய்ந்தது எவ்வளவு, சட்டம் மாறினது எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

அடுத்தது மனு ரசீது. தமிழ்நாட்டில் புகார் கொடுத்தவுடன் பெரும்பாலும் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீதுதான். அது எப்.ஐ.ஆர். ஆகாது, குற்ற எண்ணும் கிடையாது. அந்த மனு எப்.ஐ.ஆர். ஆக மாறாதவரை எந்த ஆண்டறிக்கையிலும் அது குற்றமாக ஏறாது.

செல்போன் நழுவுகிற வழி வேறு. வடசேரி பஸ் ஸ்டாண்டில் சட்டைப் பையிலிருந்து போன் போகிறது. எடுத்தவனைப் பார்க்கவில்லை; ‘தவறவிட்டுவிட்டேன்’ என்று மனு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். புது சிம் வாங்க அந்த ரசீது போதும். போனை முடக்கும் சி.இ.ஐ.ஆர். தளத்திலும் போலீஸில் கொடுத்த புகாரின் நகலைத்தான் கேட்பார்கள். காரியம் முடிந்துபோகிறது, திருட்டுக் கணக்கில் ஒன்றும் கூடுவதில்லை. பைக் அப்படி இல்லை. இன்சூரன்ஸ் பணம் வேண்டுமென்றால் எப்.ஐ.ஆர். கட்டாயம், பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும் கட்டாயம். அதனால் பைக் களவில் பெரும்பகுதி கணக்குக்கு வந்துவிடும். உங்கள் ஸ்டேஷனில் களவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க நான் முதலில் எடுக்கும் எண் வாகனத் திருட்டுதான்.

வார்த்தையிலும் குழப்பம் இருக்கிறது. ‘பூட்டிய வீட்டில் 20 பவுன் கொள்ளை’ என்று தலைப்பு வரும். ஸ்டேஷன் கணக்கில் அது கன்னக்களவு. அடிதடியோ மிரட்டலோ இருந்தால்தான் கொள்ளை, வழிப்பறி. அஞ்சு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை. களவுக்காகக் கொன்றால் ஆதாயக் கொலை. நகைப் பறிப்பு முன்பு பெரும்பாலும் பழைய சட்டத்தின் 392-ல் வழிப்பறியாகப் போகும். இப்போது பறிப்புக்கென்றே 304 என்ற தனிப் பிரிவு இருக்கிறது, வழிப்பறிக்கான 309-லும் போடலாம். எதில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து வழிப்பறி எண் மாறும். 2024-ஐ 2023-ஓடு ஒப்பிடும்போது பழைய 379, 392 இரண்டையும், புதிய 303, 304, 309 மூன்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஒரே எப்.ஐ.ஆரில் நாலு குற்றம் இருந்தால் பெரிய தண்டனை உள்ள ஒன்றை மட்டும் எண்ணுவது தேசியக் காப்பகத்தின் விதி. நகைக்காக ஒரு பாட்டியைக் கொன்றால் கொலையில் ஒன்று கூடும், கொள்ளையில் கூடாது.

கடைசியாக, மாவட்டக் கணக்கு என்றால் மாவட்டத்தில் நடந்ததெல்லாம் என்று நினைத்துவிடாதீர்கள். ரயிலிலும் ஜங்ஷன் பிளாட்பாரத்திலும் நடக்கும் களவு ரயில்வே போலீஸில் பதிவாகும். தேசிய அட்டவணையில் அதற்குத் தனி வரி. களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குப் போகும் ரேஷன் அரிசியைக் குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுப் பிரிவும் தனியாகப் பிடித்து வழக்குப் போடுகிறது.

அசம்பு_எண்கள் எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் ஒரு எண் பிறக்கிற கதை. பிறந்த எண்ணை வைத்து ஏமாறுகிற இடங்களை நான் சொல்கிறேன்.

முதல் இடம், சின்ன எண். கணக்குக்காக மட்டும் ஒரு உதாரணம்: ஒரு மாவட்டத்தில் ஒரு வருடம் 30 கொலை, அடுத்த வருடம் 36 என்று வையுங்கள். ‘கொலைகள் 20 சதவீதம் உயர்வு’ என்று செய்தி வரும். ஆனால் இப்படி அபூர்வமாக நடக்கும் சம்பவங்களின் எண்ணிக்கை, ஊர் நிலவரம் துளி மாறாவிட்டாலும், தன் வர்க்கமூல அளவுக்கு மேலும் கீழும் ஆடும். 30-ன் வர்க்கமூலம் சுமார் 5.5. அதன் இருமடங்கு 11. அதாவது 19 முதல் 41 வரை எந்த எண் வந்தாலும் அசாதாரணம் இல்லை. இரண்டு வருடங்களை ஒப்பிட, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: 66-க்கு ஏறத்தாழ 8. வித்தியாசம் 16-ஐத் தாண்டினால்தான் ஏதோ மாறியிருக்கிறது என்று பேச ஆரம்பிக்கலாம். இங்கே வித்தியாசம் 6. மாவட்டத்துக்கே இப்படியென்றால் ஒரு ஸ்டேஷனுக்கு இன்னும் மோசம். 4 கன்னக்களவு 8 ஆனால் ‘ரெட்டி’ என்ற சொல் உண்மைதான்; ஆனால் ஒரே கள்ளன் ஒரு வாரம் அந்தப் பக்கம் தங்கினாலே அது நடந்துவிடும். ஸ்டேஷன் அளவில் மூன்று வருடங்களைக் கூட்டி, முந்தின மூன்று வருடங்களோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது இடம், எந்த வருடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பது. 2020-ஐத் தொடக்கமாக வைத்து வரும் எந்த ஒப்பீட்டையும் ஒதுக்கிவிடுங்கள். அந்த வருடம் நாடு முழுக்க மொத்த வழக்குகள் 66 லட்சத்தைத் தாண்டின, தமிழ்நாடு எண்ணிக்கையில் முதலிடம். குற்றம் பெருகியதாலா? அரசு ஊழியர் பிறப்பித்த உத்தரவை மீறியதற்கான 188-ம் பிரிவு வழக்குகள் மட்டும் நாட்டில் 29,469-லிருந்து 6,12,179-ஆக ஏறின. ஊரடங்கில் வெளியே வந்தவர்கள் மேல் போட்ட வழக்குகள். அதே நேரத்தில் எல்லாரும் வீட்டுக்குள் இருந்ததால் களவு குறைந்தது. மொத்தத்தைப் பார்த்தால் பயங்கரமான வருடம், களவை மட்டும் பார்த்தால் அமைதியான வருடம். 2020-ன் களவை அடியில் வைத்து அளந்தால் அதன் பிறகு வரும் எந்த வருடமும் ஏற்றமாகவே தெரியும்.

கஞ்சா, குட்கா, மது, சூதாட்டம், பெட்டி கேஸ் என்கிற சில்லறை வழக்கு இவற்றின் எண்ணும் இதே வகை. யாரும் போய்ப் புகார் கொடுப்பதில்லை. போலீஸ் தேடிப் போய்ப் பிடித்தால்தான் வழக்கு. ஒரு மாதம் ரோந்து கூடினால் வழக்கு கூடும். அந்த எண் போலீஸ் செய்த வேலையின் அளவு. அதைக் குற்றத்தின் அளவாக எடுத்துக்கொண்டு ‘கஞ்சா மூன்று மடங்கு’ என்று பேசுவது தவறு.

நம் ஊருக்கு நெருக்கமான இன்னொரு உதாரணம் கேரளம். தேசிய அட்டவணையில் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்ற விகிதத்தில் கேரளம் எப்போதும் உயரத்தில் இருக்கும். ஆனால் 2022-ல் அங்கே கொலை விகிதம் லட்சத்துக்கு ஒன்றுக்கும் கீழே. நாட்டின் சராசரி 2.1. களியக்காவிளைப் பாலத்தைத் தாண்டினவுடன் மனிதர்கள் மோசமாகிவிடுவதில்லை. அங்கே மக்கள் ஸ்டேஷனுக்குப் போகத் தயங்குவது குறைவு, போலீஸும் எழுதுகிறது. வழக்குப் பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வேறு வேறு என்று தேசியக் காப்பகமே தன் ஆண்டறிக்கையின் முன்பகுதியில் எழுதி வைத்திருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை, அட்டவணைக்கு நேரே போய்விடுகிறார்கள்.

விகிதத்தின் கீழே போடும் மக்கள்தொகையையும் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டம் 18,70,374 பேர். அதன் பிறகு வரும் விகிதமெல்லாம் மதிப்பிட்ட மக்கள்தொகையை வைத்துத்தான். கன்னியாகுமரி ஊர் ஸ்டேஷனில் பதிவாகும் பிக்பாக்கெட்டை அந்த ஊர் ஜனத்தொகையால் வகுத்தால் எண் எகிறும். சூரிய உதயம் பார்க்க வந்து நிற்கிற கூட்டம் அந்த வகுத்தலில் இல்லை. மறுபக்கம், பர்ஸைத் தொலைத்துவிட்டு அன்று மாலையே ரயிலேறும் வடமாநிலப் பயணி புகார் கொடுக்க நிற்பதில்லை. இரண்டு பிழையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன, ஒன்றையொன்று ஈடு செய்யும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

குளச்சல்_காற்று எழுதியது:

எல்லாம் சரி அண்ணாச்சி, ஸ்டேஷனிலேயே கேஸை எழுதாமல் விட்டால்? மனுவை வாங்கி வைத்துக்கொண்டு ‘பார்க்கிறோம், போய்ட்டு வா’ என்று அனுப்பினால் உங்கள் வர்க்கமூலம் என்ன செய்யும்? குறைந்தது என்ற கணக்கே அப்படித்தான் பிறக்கிறது என்று ஜனம் சொல்கிறது.

பழையாற்றங்கரை எழுதியது:

ஜனம் சொல்வதில் உண்மை இருக்கிறது தம்பி, அதைக் கண்டுபிடிக்க வழியும் இருக்கிறது. மறைக்க முடியாத குற்றத்தையும் மறைக்கக்கூடிய குற்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கொலையில் உடல் கிடக்கும், போஸ்ட்மார்ட்டம் நடக்கும். முதலில் சந்தேக மரணம் என்று பதிந்தாலும் பிறகு பிரிவை மாற்றியாக வேண்டும். பைக்கில் இன்சூரன்ஸ் கேட்கும். இந்த இரண்டும் அப்படியே இருக்க, சாதாரணத் திருட்டும் கன்னக்களவும் மட்டும் ஒரே வருடத்தில் சரிந்தால் சந்தேகப்படுங்கள். அதே வருடம் சி.எஸ்.ஆர். எண்ணிக்கை கூடியிருந்தால் சந்தேகம் உறுதிப்படும்: புகார் வந்திருக்கிறது, எப்.ஐ.ஆர். ஆகவில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. கண்டிப்பான அதிகாரி ஒருவர் வந்து ‘எல்லாவற்றையும் எழுது’ என்றால் ஆறு மாதத்தில் வழக்கு எண் ஏறும். ஊர் அவரைத்தான் திட்டும்.

எழுத மறுப்பதற்குச் சட்டத்தில் இடம் மிகக் குறைவு. 2013 நவம்பர் 12-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, காக்னிசபிள் குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எப்.ஐ.ஆர். கட்டாயம் என்று தீர்ப்புச் சொன்னது. புதிய நடைமுறைச் சட்டம் 173-ல் மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு, 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம். அதே பிரிவில் எப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். ஸ்டேஷன் மறுத்தால் புகாரின் சாரத்தைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மனுவில் ‘காணவில்லை’ என்று எழுதினால் காணாமல் போனதாகத்தான் ஏறும். ‘இன்ன தேதி இன்ன நேரத்துக்குள் களவு போயிற்று, பூட்டு உடைந்திருந்தது, மதிப்பு இவ்வளவு’ என்று எழுதுங்கள். மதிப்புக்கு ஆதாரமாக பில்லோ நகைக்கடை ரசீதோ சேருங்கள். அந்த 5,000 ரூபாய்க் கோடு இப்போது முக்கியம்.

முளகுமூடு_வாசகி எழுதியது:

அண்ணன்மார் ஸ்டேஷன் பக்கத்தை விளக்கிவிட்டார்கள். கோணம் அண்ணனின் கூட்டத்தில் ‘ரெட்டியாகிவிட்டது’ என்ற எண்ணம் எப்படி உருவாகிறது என்பதை நான் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் களவு நடந்தால் முதல் நாள் பூட்டு உடைந்த செய்தி. மறுநாள் தனிப்படை அமைத்த செய்தி. மூன்றாம் நாள் முகத்தை மூடிய ஒருவன் காம்பவுண்டைத் தாண்டுகிற காட்சி எல்லா வாட்ஸ்அப் குழுவிலும். ஒரு மாதம் கழித்துக் கைது. பிறகு மீட்ட நகையை உரியவரிடம் ஒப்படைக்கும் படம். களவு ஒன்று, கேட்டது அஞ்சு தடவை. கைதானவன் ‘12 வழக்குகளில் தொடர்புடையவன்’ என்று போட்டால், அந்த 12-ம் பழைய வழக்கு, பல மாவட்டத்து வழக்கு என்பது படிக்கிறவர் மனதில் நிற்பதில்லை. இன்னொன்று, விளவங்கோடு பக்கம் மலையாளச் சானல் பார்க்காத வீடு குறைவு. எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் நடந்ததெல்லாம் ‘நம்ம ஊரில்’ ஆகிவிடுகிறது. குழுவில் வரும் காட்சியில் வண்டி நம்பர் பிளேட், கடைப் பலகை எழுத்து, மூலையில் தேதி இந்த மூன்றையும் பாருங்கள். பாதிக் காட்சி அங்கேயே விழுந்துவிடும்.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவில் 1993-க்குப் பிறகு வன்முறைக் குற்ற விகிதம் பெருமளவு குறைந்தது; அந்தக் காலம் முழுக்க காலப் நிறுவனம் எடுத்த கருத்துக் கணிப்புகளில் கிட்டத்தட்ட எல்லா வருடமும் பெரும்பான்மையோர் ‘போன வருடத்தைவிட நாட்டில் குற்றம் கூடிவிட்டது’ என்றுதான் சொன்னார்கள். இந்தியாவிலும் 1990-களின் தொடக்கத்தில் வருடத்துக்கு 40,000-ஐ ஒட்டி இருந்த கொலை, 2023-ல் 27,721. நடுவில் ஜனத்தொகை 50 கோடி கூடியிருக்கிறது. கேட்டால் யாராவது நம்புவார்களா?

ஆனால் பயமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பயம் தவறான இடத்தில் நிற்கிறது, எனக்கு வருத்தம் அதுதான். 2022-ல் தமிழ்நாட்டில் கொலை ஏறத்தாழ 1,700. சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884. நாலுவழிச் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் பிள்ளையை முன்னால் உட்கார வைத்துப் போகிறவர், ‘ராத்திரி வெளியே போகாதே, காலம் கெட்டுக் கிடக்கு’ என்கிறார்.

வீட்டுக்குள்ளே இருப்பது இன்னும் பெரிது. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள, திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நாட்டில் அது 29.3. உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி என்று யாரிடமாவது போனவர்கள் இந்திய அளவில் 14 சதவீதம். ‘யாரிடமாவது’ என்றால் அம்மா, அக்கா, பக்கத்து வீடு எல்லாம் சேர்த்து. ஸ்டேஷன் வரை வந்தவர்கள் அதில் சொற்பம். படிப்பில் முன்னால் நிற்கிற மாவட்டம் என்பதால் இங்கே இது இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தெருமுனைக் கேமராவில் விழாத குற்றம் இது. இதில் வழக்கு கூடினால் நான் பயப்பட மாட்டேன். ஒரு பெண் கூடுதலாக வாய் திறந்தாள் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

பிள்ளைகள் காணாமல் போகிற எண்ணும் அப்படியே. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம், 18 வயதுக்குக் கீழ் யார் காணாமல் போனாலும் எப்.ஐ.ஆர். போட்டு, கடத்தல் என்று கருதியே விசாரிக்கச் சொன்னது. அதன் பிறகு கடத்தல் எண் ஏறினதைப் பார்த்து ‘பிள்ளை பிடிக்கிறவன் கூடிவிட்டான்’ என்று குழுவில் செய்தி போடுகிறார்கள். அந்தச் செய்தியால் வழிதெரியாமல் நின்ற வெளிமாநிலக்காரர்களை நம் மாநிலத்திலேயே அடித்திருக்கிறார்கள்.

கோணம்_குடியிருப்பு எழுதியது:

ரொம்ப நன்றி, அக்காவுக்கும் சேர்த்து. ஆர்.டி.ஐ.யில் எதை எப்படிக் கேட்பது? அதோடு, சங்கமே வீடு வீடாக ஒரு கணக்கெடுத்தால் நம்பலாமா? 100 வீட்டில் மட்டும் கேட்டால் போதும் என்று ஒரு யோசனை இருக்கிறது.

அசம்பு_எண்கள் எழுதியது:

ஆர்.டி.ஐ. மனுவைப் பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் காவல் அலுவலகம், நாகர்கோவில் என்று அனுப்புங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘ஏன் களவு கூடியது’ என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பி விடுவார்கள். பதிவேட்டில் இருப்பதை மட்டும் கேளுங்கள்: 2017 முதல் சென்ற டிசம்பர் வரை, உங்கள் ஸ்டேஷனில், மாதவாரியாக, கன்னக்களவு, வாகனத் திருட்டு, பிற திருட்டு, வழிப்பறி, 304-ன் கீழ் பறிப்பு, கொலை ஆகியவற்றில் பதிவான எப்.ஐ.ஆர். எத்தனை, அதே மாதங்களில் வழங்கிய சி.எஸ்.ஆர். ரசீது எத்தனை, எப்.ஐ.ஆர்.களில் பொருண்மைப் பிழை (சொன்ன குற்றம் நடக்கவே இல்லை) என்று முடித்தது எத்தனை, கண்டுபிடிக்கப்படாதது என்று முடித்தது எத்தனை. பெயரோ முகவரியோ கேட்காதீர்கள். விசாரணை பாதிக்கும் என்று ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(1)(h) பிரிவைக் காட்டி மொத்த மனுவையும் தள்ளிவிட அது வழி கொடுக்கும். பதில் வரும்வரை தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவைத் தளத்தில் உங்கள் ஸ்டேஷன் எப்.ஐ.ஆர்.களைப் பார்க்கலாம். பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகள் மட்டும் அதில் இருக்காது.

வீட்டுக் கணக்கெடுப்பு நல்ல யோசனை. இங்கிலாந்து 1982-லிருந்து ஸ்டேஷன் கணக்கை நம்பியிருக்காமல் இப்படித்தான் வீடுகளில் போய்க் கேட்கிறது. இந்தியாவில் நாடு தழுவி அப்படி ஒன்று இல்லை. அதனால்தான் இந்தச் சண்டை தீராமல் இழுக்கிறது. ஆனால் 100 வீடு போதாது. 100-ல் 6 வீடு களவு என்று சொன்னால், 400 வீட்டில் உண்மை எண் 8-ஆகவும் இருக்கலாம், 40-ஆகவும் இருக்கலாம். 400-க்கும் போங்கள். பத்துப் பேர் ஆளுக்கு 40 வீடு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

கேள்வியில்தான் கவனம் வேண்டும். ‘களவு கூடியிருக்கிறதா?’ என்று கேட்கவே கூடாது; அது குழுவில் வந்த காட்சியைத் திரும்பச் சொல்ல வைக்கும். ‘உங்கள் வீட்டில், உங்கள் பொருள், கடந்த பன்னிரண்டு மாதத்தில்’ என்று கேளுங்கள். பயந்துபோன சம்பவம் மனதில் பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும். ஒன்றரை வருடம் முந்தினதை ‘போன வருஷம்தான்’ என்பார்கள். ஆகவே தேதியைச் சொல்லாமல் திருவிழாவைச் சொல்லுங்கள். ‘போன கோட்டாறு சவேரியார் திருநாளுக்குப் பிறகா, முன்னாடியா?’ ‘மண்டைக்காடு கொடைக்கு முன்னாடியா?’ இங்கே அதற்கு எல்லாரும் சரியாகப் பதில் சொல்வார்கள். பிறகு பொருள் என்ன, மதிப்பு எவ்வளவு, புகார் கொடுத்தீர்களா, கையில் வந்தது மனு ரசீதா எப்.ஐ.ஆரா, கொடுக்கவில்லையென்றால் ஏன். எந்த வழியாக உள்ளே வந்தான் என்பதையும் கட்டாயம் கேளுங்கள். புறவாசல் வழியாக, தோப்புப் பக்கம் இருந்து வந்தான் என்று பத்தில் ஏழு வீடு சொன்னால் தெருமுனைக் கேமராவில் அவன் விழப்போவதில்லை. அந்தப் பணத்தைப் புறவாசல் விளக்குக்கும் கதவுக்கும் செலவிடலாம்.

‘அதற்கு முந்தின வருடம்?’ என்று கேட்டு இரண்டையும் ஒப்பிட வேண்டாம். பழையது மறந்துபோகும் என்பதால் எந்த ஊரில் கேட்டாலும் போன வருடம்தான் கூடுதலாக வரும். அடுத்த வருடம் இதே மாதம் இதே கேள்வியைத் திரும்பக் கேட்டு அதோடு ஒப்பிடுங்கள்.

கோணம்_குடியிருப்பு எழுதியது:

ஒரு சந்தேகம். நாற்பது, ஐம்பது வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆட்கள் வளைகுடாவில். அந்த வீடுகளுக்குப் பதில் அடுத்த தெருவில் ஆள் இருக்கும் வீட்டைச் சேர்த்துக்கொள்ளலாமா?

அசம்பு_எண்கள் எழுதியது:

கூடவே கூடாது. கன்னக்களவு நடப்பதே பூட்டிக் கிடக்கும் வீட்டில்தான். அதை விட்டுவிட்டு ஆள் இருக்கும் வீட்டைச் சேர்த்தால் உங்கள் கணக்கும் குறைத்துத்தான் காட்டும். வீட்டுக்காரரை வாட்ஸ்அப்பில் அழைத்துக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சாவி வைத்திருக்கும் உறவினரையோ வாரம் ஒருமுறை முற்றம் கூட்ட வருகிறவரையோ கேட்டு, ‘பிறர் சொன்னது’ என்று தனிப் பத்தியில் எழுதுங்கள். யாருமே கிடைக்காத வீடுகளைப் ‘பதில் இல்லை’ என்று போட்டு, மொத்தத்தில் எத்தனை என்று கூட்டத்தில் அப்படியே வாசியுங்கள்.